மருதந்துறைச் சந்தைக்கு வந்த அரசர்

“மக்களின் பிழைப்பில் ஓர் அரசன் எவ்வளவு கை வைக்கலாம்?”

சிற்றரசர் செங்கோடன் இப்படிக் கேட்டபோது மருதி பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தாள்.

செங்கோடன் குறும்பொறை நாட்டை ஆள்பவர். ஐம்பதைத் தாண்டியவர். மருதி அவரைவிட மிகவும் இளையவள். ஆற்றங்கரை மருதந்தோப்பில் சிறியதொரு மடம் வைத்திருந்த துறவி. அரசர் அவளிடம் ஐயம் கேட்டு வருவது புதிதல்ல. கொண்டுவந்ததைவிடப் பெரிய ஐயத்தோடு திரும்பிப் போவதும் புதிதல்ல.

“முதலில் சுளை எடுக்க ஒரு கை கொடுங்கள்,” என்றாள் மருதி.

அரசர் பழத்துக்குள் கையை விட்டார். பலாப்பால் விரல்களில் ஒட்டிக்கொண்டது. அந்தக் கையால் தாடியைத் தடவினார். தாடியும் ஒட்டிக்கொண்டது.

“எண்ணெய் தடவிக்கொள்ளச் சொல்லியிருக்கலாமே அம்மா!”

“கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் அரசே.”

நல்லெண்ணெய்க் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் விரல் விரலாகத் தேய்த்துக்கொண்டே தன் குறையைச் சொன்னார்.

“எனக்கு மூன்று அமைச்சர்கள். மூத்தவர் சொன்னார்: நிலம், தறி, செக்கு எல்லாமே அரண்மனையுடையதாக இருக்கட்டும், யாருக்கு என்ன வேண்டும் என்று நாமே முடிவு செய்வோம். போன ஆண்டு அப்படியே செய்தேன். களஞ்சியம் நிறைந்தது. எலிகள் கொழுத்தன. ஊர் வேட்டி கேட்டபோது என்னிடம் எள்ளு மட்டும்தான் இருந்தது.”

“பிறகு?”

“இளையவர் சொன்னார்: கையை எடுத்துவிடுங்கள், விற்பவனும் வாங்குபவனும் தங்களுக்குள் பார்த்துக்கொள்வார்கள். எடுத்தேன். அங்காடி பொங்கி வழிந்தது. மழை பொய்த்தது. நாலு பேர் சேர்ந்து நெல்லை எல்லாம் வாங்கிப் பூட்டிவிட்டார்கள். இன்று என் நாட்டில் நெல்லும் இருக்கிறது, பசியும் இருக்கிறது. குடிகள் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றைத் தாண்டிப் போகிறார்கள்.”

“மூன்றாமவர் என்ன சொல்கிறார்?”

“பாட்டன் செய்ததைப் பேரன் செய்யட்டும் என்கிறார். குயவன் வீட்டில் பானை, உழவன் வீட்டில் ஏர். என் பாட்டனார் காலத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்ததாம்.”

“இருந்ததா?”

“பாட்டனார் காலத்தில்தான் இரண்டு பஞ்சம் வந்தது.”

மருதி வாய்விட்டுச் சிரித்தாள். அரசருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் அது நெடுநேரம் நிலைக்கவில்லை.

“அமாவாசையன்று அவை கூடுகிறது. ஏதாவது ஒரு வழியைச் சொல்லியாக வேண்டும். தவறான வழியைச் சொன்னால் அடுத்த அறுவடைக்கு ஆள் இருக்காது.”

மருதி ஒரு சுளையை அவரிடம் நீட்டினாள்.

“நாளை அக்கரைக் கோயிலில் தேர். இக்கரை மணலில் சந்தை கூடும். சந்தையையும் துறையையும் பார்த்துக்கொள்வது இந்த மடத்தின் பொறுப்பு. எனக்குப் பதிலாக நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.”

“அதுதான் விடையா?”

“அது வேலை.”

*

காலையில் அரசர் கடுக்கனைக் கழற்றினார். முண்டாசு கட்டிக்கொண்டு மணலுக்கு வந்தார். மடத்து விருந்தாளி, இன்று இவர் சொல்வதுதான் முடிவு என்று மருதி எல்லாருக்கும் சொல்லிவிட்டாள்.

ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று அவர் இரவே முடிவு செய்திருந்தார்.

மணலில் கோடு கிழித்தார். வளையல் இங்கே, பானை அங்கே, ஆடு அந்தப் பக்கம். மோர் விற்பவர்கள் அதிகம் என்று அவருக்குப் பட்டது. பாதிப் பேரைச் சுண்டல் விற்கச் சொன்னார்.

பூவாயி என்பவள் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“எனக்கு மோருதான் தெரியும் ஐயா. சுண்டல் தெரியாது.”

“கற்றுக்கொள்.”

“நான் கத்துக்குவேன். என் மாடு கத்துக்குமா?”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அரசர் முகத்தை இறுக்கிக்கொண்டார். அவள் சுண்டலுக்குப் போனாள்.

படகுகளுக்கும் முறை வைத்தார். எல்லாப் படகும் ஒரே அளவு ஆள் ஏற்ற வேண்டும். ஒன்று போய் வந்த பிறகுதான் அடுத்தது. சடையன் என்ற ஓடக்காரர் தலையைச் சொறிந்தார்.

“பெரிய தோணிக்கும் என் ஓடத்துக்கும் ஒரே அளவா ஐயா?”

“எல்லாருக்கும் ஒரே நீதி.”

பெரிய தோணி முக்கால்வாசி காலியாகப் போனது. கரையில் வரிசை வளர்ந்தது.

வெயில் ஏற ஏற, எல்லாரும் அவரிடமே வந்தார்கள். ஆட்டை எங்கே கட்டட்டும் ஐயா? பச்சை வளையல் தீர்ந்துபோச்சு, சிவப்பு எடுத்து வைக்கலாமா ஐயா? காற்று இந்தப் பக்கம் அடிக்குது, கடையைத் திருப்பிப் போடலாமா ஐயா? ஒவ்வொன்றுக்கும் அவர் ஆணை சொன்னார். சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது.

பூவாயி கருகிய சுண்டலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அதை யாரும் வாங்கவில்லை. அவள் மோர்ப்பானை மூடியபடியே நிழலில் கிடந்தது.

அரசர் மருதியைத் தேடிப் போனார்.

“அம்மா, கொஞ்சம் மோர்.”

“மோர் வரிசையில் தீர்ந்துவிட்டதாமே. இவ்வளவு போதும் என்று காலையிலேயே யாரோ முடிவு செய்துவிட்டார்களாம்.”

அரசர் கிழித்த கோடுகளைக் காலாலேயே அழித்துக்கொண்டு சந்தை முழுவதும் நடந்தார்.

“அவரவர் விருப்பம்!” என்று கட்டிய தொண்டையால் கத்தினார். “எதையும் விற்கலாம், எப்படியும் விற்கலாம். என்னைக் கேட்காதீர்கள்!”

*

சந்தை மூச்சு விட்டது.

பூவாயி சுண்டல் சட்டியைக் கவிழ்த்துவிட்டு மோர்ப்பானையைத் திறந்தாள். இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டாள். பக்கத்தில் இருந்தவள் மாங்காய்க் கீற்று போட்டாள். பானைக்காரர் சின்னச் சின்னக் கலயங்களை எடுத்துக்கொண்டு மோர் விற்கும் இடத்துக்கே வந்துவிட்டார். யாரும் சொல்லவில்லை. பனையோலை வைத்திருந்த ஒருவன் வரிசையில் நின்றவர்களுக்கு விசிறி முடைந்து விற்றான். அதையும் யாரும் சொல்லவில்லை.

அரசர் இரண்டு கலயம் மோர் குடித்தார். துள்ளிக்கொண்டு மடத்துக்கு வந்தார்.

“அம்மா! விடை கிடைத்துவிட்டது. கையை எடுத்தேன், எல்லாம் தானாக நடக்கிறது. இளைய அமைச்சர் சொன்னதுதான் சரி. இன்றே ஊருக்குப் புறப்படுகிறேன்.”

“நல்லது. சாப்பிட்டுவிட்டுப் புறப்படுங்கள்.”

இலை போட்டாள். பலாக்கொட்டைக் கூட்டு வைத்தாள். அரசர் இரண்டாவது முறை சோறு கேட்கும்போது துறைப் பக்கம் கூச்சல் எழுந்தது.

பெரிய தோணியின் சொந்தக்காரர் வயிரவன். கெட்டவர் அல்ல, ஆசைக்காரர். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை என்று தெரிந்ததும் அவர் இறங்குதுறையின் இரு பக்கமும் கருவேல முள்ளை வெட்டிப்போட்டு, தன் தோணிக்கு மட்டும் வழி விட்டு அடைத்துவிட்டார். துறையை விட்டால் மற்ற இடமெல்லாம் சேறும் கோரையும்தான். சடையனும் மற்ற ஓடக்காரர்களும் கோரைக்குள் படகைக் கட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். கூலி ஏறியது. மறுபடியும் ஏறியது. தேரைத் தவறவிடக் கூடாதென்று சனம் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்தது.

கொடுத்தவர்களை எல்லாம் வயிரவன் ஏற்றினார். தோணியின் விளிம்பு நீரைத் தொடும்வரை ஏற்றினார்.

அரசர் எச்சில் கையோடு ஓடிவந்தபோது தோணி நடு ஆற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பிறகு நிதானமாகக் கவிழ்ந்தது.

அவர் நீரில் பாய்ந்தார். சடையன் பாய்ந்தார். சந்தையில் நீந்தத் தெரிந்த எல்லாரும் பாய்ந்தார்கள். வயிரவனும் முங்கி முங்கி ஆட்களைத் தூக்கினார். கழுத்தளவு ஆழம்தான், ஆனால் இழுப்பு அதிகம். கைக்குழந்தையோடு ஒருத்தி, உறுமி மேளக்காரர் ஒருவர், இரண்டு ஆடு. ஒவ்வொருவராகக் கரை சேர்ந்தார்கள்.

“பூவாயி எங்கே?” என்று யாரோ கேட்டார்கள். மோர் தீர்ந்ததும் அவளும் தேர் பார்க்க ஏறியிருந்தாள்.

அரசர் மறுபடியும் ஆற்றுக்குள் போனார். முங்கினார். கையில் மணல்தான் வந்தது. மறுபடியும் முங்கினார். கண்ணில் ஆற்று நீர் மட்டும் இல்லை.

“இங்க இருக்கேன்!”

ஆற்றின் போக்கில் கொஞ்சம் தள்ளி, காலி மோர்ப்பானையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பூவாயி மிதந்துகொண்டிருந்தாள்.

“வந்து இழுங்க ஐயா. பானை உடைஞ்சிடப் போகுது!”

*

எல்லாரும் பிழைத்துவிட்டார்கள் என்று தெரிந்தபின்தான் அரசருக்குக் கோபம் வந்தது. கத்தினார்.

“இனி ஒரு படகும் தனியாருக்கு இல்லை! எல்லாப் படகும் அரண்மனைப் படகு!”

மருதி அவர் தோளில் ஒரு துண்டைப் போட்டாள்.

“யார் ஓட்டுவது?”

“நானே ஓட்டுகிறேன்!”

“துடுப்பு பிடித்திருக்கிறீர்களா?”

அரசர் தலையைத் துவட்டிக்கொண்டார். துவட்டி முடிக்க நெடுநேரம் ஆயிற்று.

பிறகு அவர் துறைக்குப் போனார். முள்ளைப் பிடித்து இழுத்தார். கை கிழிந்தது. மறுபடியும் இழுத்தார். சடையன் வந்து மறுமுனையைப் பிடித்தார். ஓடக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். வேலி போயிற்று. கோரைக்குள் இருந்த படகுகள் ஒவ்வொன்றாகத் துறைக்கு வந்தன.

வயிரவன் நனைந்த கோழிபோலக் கரையில் குந்தியிருந்தார். அவர் தோணியை நிமிர்த்திக் கட்டியிருந்தார்கள்.

“எவ்வளவு பாரம் தாங்கும்?” என்று அரசர் ஓடக்காரர்களைக் கேட்டார்.

அவர்கள் வாதாடினார்கள். விளிம்பிலிருந்து ஒரு முழம் வேண்டும் என்றார் ஒருவர். நாலு விரல் போதும் என்றார் இன்னொருவர். அரசர் இடையில் புகாமல் கேட்டுக்கொண்டிருந்தார். விளிம்புக்குக் கீழே ஒரு சாண் என்று முடிவானது.

“பூவாயி கையால அளங்க,” என்றார் வயிரவன் அவசரமாக. பூவாயியின் கை சின்னது.

“உங்கள் கையால்தான்,” என்றார் அரசர்.

வயிரவனின் உள்ளங்கை முறம்போல் இருந்தது. அதை விரித்து அளந்தார்கள். அரசர் அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்துத் தோணியின் வெளிப்புறத்தில் நீளமாக ஒரு கோடு இழுத்தார். பிறகு மற்ற எல்லாப் படகுகளிலும் இழுத்தார்.

“இந்தக் கோடு நீரில் முங்கினால் படகு துறையை விட்டுப் போகக் கூடாது.”

“என் தோணி. என் துணிச்சல்,” என்று முனகினார் வயிரவன்.

“தோணி உங்களுடையது. உள்ளே இருக்கிற மூச்சு உங்களுடையதல்ல.”

வயிரவன் தலை குனிந்தார். பிறகு கேட்டார்.

“கூலி எவ்வளவுன்னு சொல்லிடுங்க.”

அரசரின் நாக்கு நுனிவரை ஒரு எண் வந்தது. அவர் அதை விழுங்கினார். துறையைக் காட்டினார். அங்கே சடையன் ஒரு கூலி சொல்லிக் கூவிக்கொண்டிருந்தார். அடுத்த ஓடக்காரர் அதைவிடக் குறைத்துக் கூவினார். மூன்றாமவர், தன் ஓடத்தில் ஓலைக்கூரை இருக்கிறது, நிழலில் போகலாம், ஆனால் குறைக்க மாட்டேன் என்று கூவினார்.

“அவர்களைக் கேளுங்கள்,” என்றார்.

வயிரவன் எழுந்தார். வேட்டியைப் பிழிந்து கட்டினார். அவரும் கூவப் போனார்.

ஒருவர் மட்டும் கரையிலேயே நின்றார். உறுமிக்காரர் கூத்தன். ஒரு கால் சூம்பியவர். மடியில் வைத்திருந்த காசு தோணி கவிழ்ந்ததில் ஆற்றோடு போய்விட்டது. உறுமியைத் தீயில் காட்டி உலர்த்திக்கொண்டிருந்தார். அவரைப் போலக் காசை இழந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள்.

“உங்களை ஏற்றமாட்டார்களா?” என்றார் அரசர்.

“ஒருத்தரு ஏத்துவாரு. ரெண்டு பேரும் ஏத்துவாங்க. எத்தனை பேரை ஏத்துவாங்க? அவங்களும் பிழைக்கணுமில்ல.”

அரசர் சந்தையைப் பார்த்தார். யோசித்தார். பிறகு ஒரு கூடையை எடுத்துக்கொண்டு கடை கடையாகப் போனார்.

“கூலி கொடுக்க முடியாதவர்களுக்கு ஒரு படகு. சடையனுக்கு அதற்கான கூலி போய்ச் சேர வேண்டும். பெரிய கடை இரண்டு பிடி காசு, சின்னக் கடை ஒரு பிடி.”

பானைக்காரர் போட்டார். வளையல்காரர் இன்னும் அதிகம் போடாததற்குக் காரணம் சொல்லிக்கொண்டே போட்டார். பூவாயி மட்டும் முந்தானையை இறுக்கிக்கொண்டாள்.

“நான் எதுக்குப் போடணும்?”

“நீ ஆற்றில் கிடந்தபோது எல்லாரும்…”

“என்னைக் காப்பாத்துனது என் பானை!”

மணல் முழுவதும் சிரித்தது. அரசரும் சிரித்துவிட்டார். அவள் அவரைத் தாண்டி, தீயருகே குந்தியிருந்த கூத்தனைப் பார்த்தாள்.

“உறுமி இல்லாம தேரு நகராது,” என்று தனக்குள் கணக்குப் போட்டாள். “தேரு நகராட்டி அடுத்த வருசம் கூட்டம் வராது. கூட்டம் வராட்டி என் மோரை யாரு குடிப்பா?”

முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

“இந்தாங்க. ஆனா அந்தப் படகுல கூலி குடுக்க முடிஞ்ச தடிப்பசங்க ஏறுனா, நானே புடிச்சுத் தள்ளிவிடுவேன். சொல்லிட்டேன்.”

“அந்தக் காவல் வேலையை உனக்கே கொடுக்கிறேன்,” என்றார் அரசர்.

அவள் அதை ஏற்றுக்கொண்டாள். உடனே ஒருவனைக் காதைப் பிடித்து இறக்கவும் செய்தாள்.

*

பொழுது சாய்ந்தது. அக்கரையில் வேட்டு வெடித்தது. தேர் கிளம்ப எல்லாம் தயார்.

கடைசிக் கூட்டம் துறையில் நெருக்கியது. மாலையில் ஆற்று நீர் கொஞ்சம் வடிந்திருந்தது. ஆள் ஏறியதும் படகுகள் மணலில் தட்டி நின்றன. அரசர் முண்டாசை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். முழங்காலளவு நீரில் இறங்கி, பொதுப் படகின் பின்பக்கத்தைத் தோளால் முட்டினார்.

உள்ளே கூத்தன் உறுமியை மடியில் வைத்திருந்தார். கைக்குழந்தைக்காரி இருந்தாள். முன்பக்கம் சடையன் துடுப்போடு நின்றார். கரிக்கோடு நீருக்கு மேலே தெரிந்தது.

மருதி கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றார் அரசர், தள்ளிக்கொண்டே. “அமாவாசைக்கு நான் அமைச்சர்களிடம் என்ன சொல்லட்டும்? மூத்தவர் சரியா? இளையவரா?”

“முதலில் படகைத் தள்ளுங்கள்,” என்றாள் மருதி.

அரசர் மூச்சைப் பிடித்து முட்டினார். மணல் கரகரத்தது. படகு அசைந்தது. இன்னும் ஒரு தள்ளு. அவர் விடாமல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார். நீர் இடுப்புக்கு வந்தது. மார்புக்கு வந்தது. படகு ஒரு பக்கமாக இழுத்தது.

“ஐயா!” என்று கத்தினார் சடையன். “மிதந்துடுச்சு! கையை எடுங்க, துடுப்பு போட முடியலை!”

அரசர் கையை எடுத்தார்.

படகு சட்டென்று நேராகித் தன் போக்கில் போயிற்று. கூத்தன் அங்கிருந்தே உறுமியை ஒரு இழுப்பு இழுத்தார். எல்லாரும் ஓவென்று கூவினார்கள். அரசர் நீரில் நின்றபடி இரண்டு கையையும் உயர்த்தி ஆட்டினார். பிறகு கையை உதறிக்கொண்டு, சிரித்த முகத்தோடு கரையை நோக்கி நடந்தார்.

“எங்கே புறப்பட்டீர்கள்?” என்றாள் மருதி.

“அதுதான் போய்விட்டதே அம்மா.”

அவள் தாடையால் அவருக்குப் பின்னால் காட்டினாள்.

வயிரவனின் தோணி மணலில் தட்டி நின்றது. அதில் இருந்தவர்கள் எல்லாரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரசர் தோணியைப் பார்த்தார்.

பிறகு உரக்கச் சிரித்தார். திரும்பி ஆற்றுக்குள் இறங்கினார்.